சார்பாக வைத்த கையெழுத்து

தம்பி,

வியாழக்கிழமை நீ கொழும்புக்கு பஸ் ஏறுகிறாய், அங்கிருந்து விமானம். உன் அம்மா குசினியில் மிளகாய்த்தூளை மூன்று பைகளுக்குள் போட்டுக் கட்டிக்கொண்டே, இந்த மனிசன் ஒரு வேலையும் செய்யாமல் பேனையோடு குந்தியிருக்குது என்று சுவருக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். சொல்லட்டும். பிள்ளையை வெளிநாட்டுக்கு அனுப்புகிற தகப்பன் சொல்ல வேண்டிய புத்திமதிகள் என்னிடமும் இருக்கின்றன. குளிருக்குச் சட்டை போடு, நேரத்துக்குச் சாப்பிடு, கிழமைக்கு ஒரு தரம் அம்மாவோடு கதை. அவற்றை பஸ் நிலையத்தில் வைத்துச் சொல்கிறேன். இங்கே எழுதப்போவது வேறு. உனக்கு மட்டும் என்றால் இதை உறையில் போட்டு ஒட்டியிருப்பேன். ஒட்டிய உறையை நான் என்ன செய்வேன் என்று உனக்குத் தெரியும். அதனால்தான் திறந்த கடிதமாக எழுதுகிறேன். நீயும் நிஸ்தாரும் சேர்ந்து செய்த அந்தக் கணினி நிரலைப் பாவித்த எல்லோரும் இதை வாசிக்கட்டும். இரண்டு வருடங்களாக அவர்கள் உன்னைத்தான் பிழைகாரன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். பிழை செய்தவன் நான்.

என்னை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். துறைமுகத்தைப் பார்த்தபடி இருந்த ஓர் அலுவலகத்தில் கடிதங்களும் கோவைகளும் பார்க்கும் இலிகிதராகச் சேர்ந்து, பிரதம இலிகிதராக ஓய்வு பெற்றவன் நான். எங்கள் அலுவலகத்தில் 'சார்பாக' என்று ஒரு சொல் இருந்தது. அலுவலகத் தலைவரான பெரியவர் இல்லாத நேரங்களில் அவருடைய பெயருக்கு மேலே நான் என் கையெழுத்தை வைத்து, பக்கத்தில் 'சார்பாக' என்று எழுதுவேன். அது முறைப்படி சரி. ஆனால் வீதி பூட்டுப்பட்டு, பெரியவர் கிழமைக்கணக்காகக் கொழும்பில் அகப்பட்டுக்கொண்ட காலங்களில், சோதனைச் சாவடியில் நிற்பவர்கள் அந்தச் சொல்லைக் கண்டதும் கடிதத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். வதிவிடக் கடிதம் இல்லாத சனம் எங்கள் வாசலில் வந்து நின்றது. ஒரு நாள், ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டிய ஒரு பிள்ளைத்தாய்ச்சிக்காக, 'சார்பாக' என்பதை விட்டுவிட்டுப் பெரியவரின் கையெழுத்தையே வைத்துக் கொடுத்தேன். அவள் போய்ப் பிள்ளையைப் பெற்றுக்கொண்டு நல்லபடி திரும்பி வந்தாள். அதற்குப் பிறகு என் கை நிற்கவில்லை. பெரியவர் திரும்பி வந்து கோவையைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "என்ன ஐசே, எது நான் வைச்சது எண்டு எனக்கே விளங்கேல்லையே" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். அந்தக் கதையைச் சாப்பாட்டு மேசையில் எத்தனை தரம் அளந்திருப்பேன் என்பதற்குக் கணக்கே இல்லை.

அதே மேசையில்தான் உனக்கு அடித்தேன். நீ எட்டாம் வகுப்பில் கணிதத்தில் கோட்டை விட்டுவிட்டு, தேர்ச்சி அறிக்கையில் என் கையெழுத்தை நீயே வைத்துக் கொடுத்தாய். வகுப்பாசிரியர் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். அச்சொட்டாக இருந்தது, உள்ளுக்குள் எனக்கு ஒரு சின்னச் சந்தோஷம் கூட வந்தது, வெட்கக்கேடு. வீட்டுக்கு வந்து அடிமட்டத்தை எடுத்தேன். "கையெழுத்தெண்டால் என்னெண்டு நினைச்சாய்? அது ஒரு மனிசன்ட சொல்லடா! இன்னொருத்தன்ட சொல்லை நீ சொல்லுவியோ?" என்று கேட்டுக் கேட்டு அடித்தேன். நீ அழாமல் நின்று, "பெரியவற்ற கையெழுத்தை நீங்கள் வைக்கிறனீங்கள்தானே?" என்று கேட்டாய். அதற்கு இன்னும் இரண்டு அடி விழுந்தது. பதில் சொல்லத் தெரியாத இடத்தில் கையை நீட்டுவது என் பழக்கம். இன்று யோசித்தால், அந்தக் கேள்விக்கு அன்றே ஒழுங்காகப் பதில் தேடியிருந்தால் பிறகு நடந்தது நடந்திருக்காது.

நான் ஓய்வு பெற்ற அடுத்த வருடம் சண்டை திரும்பவும் தொடங்கியது. மூதூரிலிருந்தும் சம்பூரிலிருந்தும் ஈச்சிலம்பற்றிலிருந்தும் சனம் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு ஓடியது. தாய் ஒரு முகாமில், பிள்ளை இன்னொரு முகாமில். அப்போதுதான் நீயும், உன்னோடு ஒன்றாகக் கணினி படித்த கிண்ணியாப் பெடியன் நிஸ்தாரும் எங்கள் விறாந்தையில் குந்தியிருந்து அந்த நிரலை எழுதினீர்கள். ஒவ்வொரு முகாமிலும் ஒரு பழைய கணினி. வந்தவர்களின் பெயர்கள் அதில் பதியப்படும். ஒருவர் தன் பிள்ளையின் பெயரைச் சொன்னால், பிள்ளை வேறு முகாமில் இருந்தாலும் கண்டுபிடித்துக் கொடுக்கும். இணையம் எங்கே இருந்தது? நிஸ்தார் கிழமைக்கு ஒரு தரம் பென்டிரைவை எடுத்துக்கொண்டு முகாம் முகாமாகப் போவான். பெயர்களைத் தட்டச்சுச் செய்ய ஆள் காணாமல் நானும் சில நாட்கள் ஒரு பாடசாலை முகாமில் போயிருந்து பதிந்து கொடுத்தேன். ஒரு தாய் தன் மகளைக் கண்டுபிடித்த அன்று நீ வீட்டுக்கு வந்து இரண்டு கோப்பைச் சோறு சாப்பிட்டாய். உன்னைப் பெற்றதற்காக நான் பெருமைப்பட்ட நாள் அது, இதுவரை உனக்குச் சொல்லவில்லை.

ஆனால் எந்தக் குடும்பம் எங்கே இருக்கிறது என்ற பட்டியல், அந்த நாட்களில் எந்தப் பக்கத்தின் கையில் போனாலும் ஆபத்து. அதனால் பட்டியலை யாரும் வெளியே எடுக்க முடியாதபடி பூட்டியிருந்தீர்கள். நிரலுக்குள் யாராவது ஒரு வரியைச் சத்தமில்லாமல் மாற்றிவிட்டால் அந்தப் பூட்டு திறபட்டுவிடும் என்பதால், கமிட் என்று நீங்கள் சொல்லும் ஒவ்வொரு மாற்றத்திலும் உங்கள் இருவரில் ஒருவரின் இலக்கக் கையொப்பம் இருக்கவேண்டும் என்று விதி வைத்தீர்கள். கையொப்பம் இல்லாத மாற்றத்தை முகாம் கணினி ஏற்காது. ஆளுக்கு இரண்டு சாவிகள்: ஒன்று இரகசியம், அதால் கையொப்பம் வைப்பது, மற்றது எல்லோருக்கும் கொடுப்பது, அதால் கையொப்பம் உண்மையா என்று யாரும் பார்க்கலாம். நான் வழக்கம்போலப் பகிடி பண்ணினேன். "உதென்ன, றப்பர் முத்திரை மாதிரியோ?" என்றேன். "இல்லை அப்பா. முத்திரையை ஆரும் எடுத்துக் குத்தலாம். இது என்ட கை மாதிரி. வைச்சால் நான்தான் வைச்சது. பிறகு நான் இல்லையெண்டு சொல்லவும் ஏலாது" என்றாய்.

முதல் நாள் நீங்கள் இருவரும் எதிரெதிர்க் கதிரைகளில் இருந்து, ஒருவர் சாவியின் நீண்ட இலக்கத்தை மற்றவருக்கு எழுத்தெழுத்தாக வாசித்துச் சரிபார்த்தீர்கள். அதற்கு முன் அடையாள அட்டைகளையும் மாற்றிப் பார்த்தீர்கள். நான் வயிறு நோகச் சிரித்தேன். "பத்து வருசமா இந்த வீட்டில சோறு தின்னுறவனுக்கு அடையாள அட்டையோ?" என்றேன். நிஸ்தார் தலையை நிமிர்த்தாமலே, "தெரிஞ்ச ஆளெண்டுதான் அங்கிள் எல்லாரும் பாக்காம உடுறது" என்றான். உன் அம்மா கூட அன்று அவன் சொன்னதுதான் சரி என்றாள்.

பிறகு நீ கொழும்புக்குப் போக வேண்டி வந்தது. அந்த நாட்களில் கொழும்புக்குப் போகிற தமிழ்ப் பெடியன் திரும்பி வருவான் என்பதற்கு என்ன உத்தரவாதம்? இரகசியச் சாவி வீட்டுக் கணினியில் இருந்தது. அதைத் திறக்கும் கடவுச்சொல்லை ஒரு தாளில் எழுதி, உறையில் இட்டு ஒட்டி, ஒட்டிய இடத்தின் குறுக்கே உன் கையெழுத்தை வைத்தாய். குறுக்கே வைக்கும் அந்த வழக்கத்தை உனக்குப் பழக்கியவன் நான்தான். "எனக்கு ஏதும் நடந்தால் மட்டும் இதை நிஸ்தாரிட்டக் குடுங்கோ. அவன் என்ட சாவியைச் செல்லாதெண்டு அறிவிப்பான். நீங்கள் திறக்க வேண்டாம் அப்பா" என்றாய். காணி உறுதிகளோடு சேர்த்து அலுமாரியில் வைத்துப் பூட்டினேன். வேண்டாம் என்று நீ தனியாக ஒரு தரம் சொன்னது எனக்குக் கொஞ்சம் சுட்டது. என்னை என்னவென்று நினைத்தான் இவன் என்று அம்மாவிடம் குறைப்பட்டுக்கொண்டேன்.

நீ போய் ஒன்பதாம் நாள் காலையில் அந்த ஆள் வந்தார். வெள்ளைச் சேட்டு, நல்ல தமிழ், பணிவான கதை. முகாம்களில் வேலை செய்வதாகச் சொன்னார். யாருக்காக என்று நான் கேட்கவில்லை. எந்தப் பக்கத்து ஆள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. "ஐயா, முகாமில ஒரு பேரைத் தேட அரை மணித்தியாலம் எடுக்குது. சனம் அழுதுகொண்டு நிக்குது. எங்கட பொறியியலாளர் ஒருத்தர் திருத்தித் தந்திருக்கிறார். உங்கட மகனோடயும் கதைச்சனாங்கள், ஓம் எண்டவர். ஆனால் கையொப்பம் வேணுமாம். லைனும் வேலைசெய்யுதில்லை" என்று பென்டிரைவை நீட்டினார். தொலைபேசி அன்று உண்மையிலேயே வேலை செய்யவில்லை. அவர் கடைசியாகச் சொன்னதுதான் என்னை விழுத்தியது. "ஐயா கையெழுத்து வைச்சு எத்தினை சனத்தைக் காப்பாத்தின ஆளெண்டு ஊரே சொல்லுது" என்றார். ஐயோ, எவ்வளவு சுகமாக இருந்தது அது கேட்பதற்கு!

கேத்தலை அடுப்பில் வைத்தேன். உன் அம்மாவுக்குத் தேத்தண்ணிக்கு என்று நினைப்பு. நீராவியில் உறையின் ஒட்டை இளக்குவது பழைய இலிகிதர்கள் எல்லோருக்கும் தெரிந்த வேலை. உன் கையெழுத்தில் மை கூடக் கரையாமல் திறந்தேன். அப்போதுதான் அவள் கண்டாள். "பிள்ளை திறக்க வேண்டாமெண்டவனெல்லோ! என்ன செய்யிறியள்?" என்றாள். "நீ பேசாமலிரு. அவன் இருந்தால் அவனும் இதைத்தான் செய்வான். நான் அவன் சார்பாகத்தான் வைக்கிறன்" என்றேன். நீ செய்வதை நாளும் பொழுதும் பார்த்திருந்தபடியால் கட்டளைகள் எனக்குப் பாடம். மாற்றத்துக்கு ஒரு குறிப்பு எழுதச் சொல்லி அது கேட்டது. எழுதினேன். கடவுச்சொல்லைக் கேட்டது. கொடுத்தேன். மாற்றத்துக்குள் என்ன இருக்கிறது என்று எனக்கு வாசிக்கத் தெரியாது. வாசிக்கத் தெரிந்த ஒருவர் வரும்வரை பொறுக்கவும் தோன்றவில்லை. கையொப்பம் வைத்த மாற்றத்தைப் பென்டிரைவில் வாங்கிக்கொண்டு, அந்த மனிதர் நன்றி சொல்லித் தேத்தண்ணியும் குடித்துவிட்டுப் போனார். உறையைப் பழையபடி ஒட்டி அலுமாரியில் வைத்தேன்.

நீ திரும்பி வந்த மறுநாள் பின்னேரம் நிஸ்தார் வந்தான். அவன் முகம் சரியில்லை. நான் குசினியில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தேன். உங்கள் கதை முழுக்கக் கேட்டது. பாடசாலை முகாமின் கணினியில் ஒரு புது மாற்றம் ஐந்து நாட்களாக இருந்திருக்கிறது, அது பட்டியல் முழுவதையும் இரகசியமாக இன்னொரு கோப்பில் பிரதி பண்ணியிருக்கிறது என்றான். நேற்று அந்த முகாமுக்குச் சிலர் ஒரு பட்டியலோடு வந்து, ஒரு குடும்பத் தலைவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கொண்டுபோய்விட்டார்கள் என்றான். கூப்பிட்ட பெயரில் ஒரு பிழை இருந்ததாம், 'ரா' என்று வரவேண்டிய இடத்தில் 'ர' என்று வாசித்தார்களாம். அவர், அது என் பெயர் இல்லை என்று கூடச் சொல்லிப் பார்த்தாராம். கேத்தலைக் கீழே வைத்தேன். அந்தப் பெயரைப் பதிந்தவன் நான். அவசரத்தில் 'ர'வுக்குப் பக்கத்தில் வரும் காலை, அந்த ஓர் அரவை, விட்டிருந்தேன். அந்தப் பிழை எங்கள் கணினியைத் தவிர இந்த உலகத்தில் வேறெங்கும் கிடையாது.

"கையொப்பம் உன்டது. மூணு தரம் சரிபாத்துட்டன். நீயா வெச்ச?" என்று நிஸ்தார் கேட்டான். நீ இல்லை என்று சொல்ல வாயெடுத்ததை நான் கண்டேன். "குறிப்பு என்னெண்டு இருக்கு?" என்று கேட்டாய். அவன் வாசித்தான்: "மேற்படி விடயம் தொடர்பாக, தேடல் வசதியைத் துரிதப்படுத்தும் பொருட்டு மேற்கொள்ளப்பட்ட திருத்தம் தங்களின் மேலான கவனத்துக்குச் சமர்ப்பிக்கப்படுகிறது." உன்னுடைய குறிப்புகள் எப்போதும் இரண்டு சொல்தான். 'தேடல் சரி.' 'எழுத்துப்பிழை.' அவ்வளவுதான். "இத வாசிச்சிட்டு முதல்ல சிரிச்சன், அப்பாவப் பகிடி பண்ணுறாய் எண்டு. பொறகுதான் உள்ள திறந்து பாத்தன்" என்றான் அவன். நீ தலையைத் திருப்பிக் குசினி வாசலில் நின்ற என்னை ஒரு தரம் பார்த்தாய். பிறகு அவன் பக்கம் திரும்பி, "ஓம், நான்தான். கொழும்பிலயிருந்து ஒராளிட்டச் சாவியைக் குடுத்து வைப்பிச்சனான். பாக்கேல்லை. என்ட பிழை" என்றாய். "பாக்காம வெப்பியா நீ?" என்று அவன் கேட்டான். அந்த இடத்தில் நான் செய்தது என்ன தெரியுமா? தேத்தண்ணித் தட்டோடு உள்ளே வந்து, "சீனி காணுமோ தம்பி?" என்று கேட்டேன். அவன் குடிக்காமல் எழும்பிப் போனான்.

உன் கையொப்பத்தை இனி நம்பவேண்டாம் என்று நிஸ்தார் எல்லா முகாம்களுக்கும் அறிவித்தான். அவன் செய்தது சரி. கொஞ்ச நாளில் முகாம்கள் அந்த நிரலையே நிறுத்திவிட்டன. அதற்குப் பிறகு எத்தனை தாய்மார் எத்தனை பிள்ளைகளைத் தேடி நடந்திருப்பார்கள் என்று நினைக்க எனக்குத் துணிவில்லை. நீ ஒரு நாள் அலுமாரியைத் திறந்து, அந்த உறையை யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, திரும்ப அதே இடத்தில் வைத்தாய். ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் சத்தம் போட்டாவது உண்மையைக் கக்கியிருப்பேன். வயதான தகப்பனை யாரும் விசாரணைக்குக் கொண்டுபோகக்கூடாது என்று நினைத்தாயோ, ஊரில் என் மானம் போகக்கூடாது என்று நினைத்தாயோ, எனக்குத் தெரியாது. ஆனால் தம்பி, அன்று நீயும் என் சார்பாகத்தான் கையெழுத்து வைத்தாய். அந்தச் சொல்லை எழுதாமல் வைத்தாய், நான் பெரியவருக்கு வைத்ததுபோல. இந்தப் பழக்கத்தை உனக்குச் சொத்தாகத் தந்தவன் நான். புத்திமதி என்று ஒன்று வேண்டுமென்றால் இதுதான்: போகிற இடத்தில் ஒருவருக்காகவும் அப்படிச் செய்யாதே, எனக்காகவும் செய்யாதே.

கொண்டுபோன மனிதர் பத்தொன்பதாம் நாள் திரும்பி வந்தார். கடவுள் என் மேல் அந்த அளவுக்காவது இரக்கம் வைத்தார். வந்தவர் முன்பிருந்தவர் இல்லை. இடது கையைத் தோளுக்கு மேல் தூக்க ஏலாது, வலை இழுக்கிற தொழில் போய்விட்டது. போன ஞாயிற்றுக்கிழமை, எங்கே போகிறேன் என்று உனக்குச் சொல்லாமல், அவர் இன்னும் இருக்கிற முகாமுக்குப் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். அடிப்பார் என்று நினைத்தேன், அடித்திருந்தால் நல்லது. அவர், "அப்ப அந்த அரவை விட்டதும் நீங்களோ?" என்று கேட்டார். "ஓம், நான்தான்." "இனி எழுதேக்க போட்டு எழுதுங்கோ" என்றார். மன்னித்தேன் என்று சொல்லவில்லை, நான் கேட்கவும் இல்லை. அவருடைய பெயரை இந்தக் கடிதத்தில் எழுதவில்லை. ஒரு தரம் எழுதி அவரைப் படுத்தியது போதும். ஆனால் வீட்டுக்கு வந்து என் கொப்பியில் ஒரு தரம் முழுதாக எழுதினேன். அரவு போட்டு எழுதினேன்.

இந்தக் கடைசிப் பந்தியை நான் கிண்ணியாவில் நிஸ்தாரின் வீட்டு மேசையில் இருந்து எழுதுகிறேன். காலைப் பாதையில், அந்தத் தட்டைப் படகில், கரை கடந்து வந்தேன். மேலே உள்ளவற்றையெல்லாம் அவனிடம் வாசிக்கக் கொடுத்தேன். வாசித்து முடித்து எழும்பிப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தான். "இதுக்குக் கீழ கையெழுத்து வெச்சுத் தாங்க அங்கிள், எல்லாருக்கும் நான் அனுப்புறன்" என்றான். பேனையை எடுத்தேன். "பொறுங்க. அடையாள அட்டை இருக்கா?" என்று கேட்டான். பன்னிரண்டு வருடங்களாக என்னைத் தெரிந்தவன்! இந்த முறை எனக்குச் சிரிப்பு வரவில்லை. கொடுத்தேன். படத்தையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான், இலக்கத்தை ஒவ்வொன்றாக வாசித்தான், ஓம் ஓம் என்று நானும் சொல்லிக்கொண்டு வந்தேன். "இப்ப வெய்ங்க, நான் பாக்க" என்றான். பெரியவரின் கையெழுத்தை ஒரே இழுப்பில் வைத்த கை, என் சொந்தக் கையெழுத்தை எழுத்தெழுத்தாக வைத்தது. பிறகு அவன் உனக்கு ஒரு செய்தி தந்தான், அவன் சொன்னபடியே எழுதுகிறேன்: "புதுச் சாவி ஒண்டு செய்யச் சொல்லுங்க. புதன்கிழமை கொண்டு வரச் சொல்லுங்க, நேர்ல வாசிச்சுப் பாத்துத்தான் அது அவன்ட சாவிதான் எண்டு நான் கையொப்பம் வெப்பன். அடையாள அட்டையும் கொண்டுவரோணும்." நாளைக்குத்தான் புதன்கிழமை. கடைசிப் பாதை பின்னேரம் ஐந்து மணிக்கு.

உன் அப்பா.
இது என் கையெழுத்து. யார் சார்பாகவும் இல்லை.